ஆல்மா ரெவில்: ஹிட்ச்காக் படங்களின் டைட்டில் கார்டில் காணாமல்போன எடிட்டர்

1960. ‘சைக்கோ’ படத்தின் எடிட்டிங் முடிந்து எல்லாம் ரெடி. அந்தக் குளியலறைக் கொலைக் காட்சியை எடுக்க மட்டும் 7 நாள் ஆனது. திரையில் கொலை நடப்பதென்னவோ ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இயக்குநர் ஹிட்ச்காக் பார்த்துவிட்டார், எடிட்டர் ஜார்ஜ் டோமசினி பார்த்துவிட்டார், எல்லாருக்கும் ஓகே. ஹிட்ச்காக்கின் மனைவி மட்டும் இதை வெளியே அனுப்ப முடியாது என்றார். ஏன்? செத்துக் கிடக்க வேண்டிய ஜேனட் லீயிடம் ஒரு சின்ன அசைவு. அது மூச்சா, எச்சில் விழுங்கியதா என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடித்தது யார் என்பதில் மட்டும் எந்தக் கதையும் மாறாது.

அவர்தான் ஆல்மா ரெவில்.

கணவருக்குத் துணையாக வந்து உட்கார்ந்த மனைவிக்குத் தற்செயலாக ஏதோ கண்ணில் பட்டது என்று நினைத்தால் தப்பு. ஹிட்ச்காக் சினிமாவுக்குள் வருவதற்குப் பல வருடம் முன்பே ஆல்மா எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்தவர்.

ஆல்மா பிறந்தது 1899 ஆகஸ்ட் 14, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில். ஹிட்ச்காக்கைவிட ஒரே ஒரு நாள் சின்னவர். அப்பாவுக்கு லண்டனின் ட்விக்கன்ஹாம் பகுதியில் இருந்த ஸ்டூடியோவில் வேலை. மகளும் 16 வயதுவாக்கில் அதே இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போதெல்லாம் டைம்லைன், அன்டூ எதுவும் கிடையாது. பிலிம் சுருளைக் கையில் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, ஃபிரேமைப் பார்த்து, கத்தரிக்கோலால் வெட்டி ஒட்ட வேண்டும். அப்படிப் பழகிய கண்ணுக்கு ஒரு ஃபிரேம் பிசகினாலும் தெரியும். 1923இல் எடிட்டிங் பற்றி ஒரு சினிமா பத்திரிகையில் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

ஹிட்ச்காக் வந்து சேர்ந்தது 1921வாக்கில், லண்டன் இஸ்லிங்டன் ஸ்டூடியோவுக்கு. ஊமைப் படங்களுக்கு எழுத்து அட்டை வரையும் வேலை. ஆல்மா அங்கே ஏற்கெனவே சீனியர். தன்னைவிடப் பெரிய பொறுப்பில் இருக்கும் பெண்ணிடம் போய்ப் பேசக் கூச்சப்பட்டு, தான் ஒரு படி மேலே ஏறும்வரை அவர் காத்திருந்ததாகச் சொல்வார்கள். (ரொமான்டிக்கா, ஈகோவா? நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.) உதவி இயக்குநர் ஆனதும், 1923இல் வந்த ‘உமன் டு உமன்’ படத்தை எடிட் செய்ய அவர் அழைத்தது ஆல்மாவைத்தான். பிறகு ஹிட்ச்காக் இயக்குநரானபோது, ஜெர்மனியில் எடுத்த முதல் படமான ‘தி பிளெஷர் கார்ட’னில் ஆல்மா உதவி இயக்குநர்.

அந்தப் படத்தையும் அடுத்த படத்தையும் விநியோகஸ்தர் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். ரிலீஸ் இல்லை. 1926இல் மூன்றாவது படம், ‘தி லாட்ஜர்’. லண்டனில் பொன்னிற முடி கொண்ட பெண்களைக் குறிவைக்கும் ஒரு கொலைகாரன். ஒரு வீட்டுக்கு வாடகைக்கு வரும் மர்ம இளைஞன் மேல் சந்தேகம். இதிலும் ஆல்மாதான் உதவி இயக்குநர். டிசம்பரில் இருவருக்கும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

விநியோகஸ்தர் சி.எம். உல்ஃப் படம் பார்த்த அன்று இருவராலும் ஸ்டூடியோவில் உட்கார முடியவில்லை. லண்டன் தெருக்களில் ஒன்றரை மணி நேரம் சும்மா நடந்திருக்கிறார்கள். டாக்ஸி பிடித்துத் திரும்பி வந்தால், படம் மோசம், இதுவும் அலமாரிக்குத்தான் என்று பதில். மூன்றாவது படமும் போனால் ஹிட்ச்காக் என்ற இயக்குநரே இல்லை. ஆல்மாவுக்கும் அடி அதே அளவுதான்.

தயாரிப்பாளர் மைக்கேல் பால்கன் படத்தை ரிப்பேர் செய்ய ஒருவரைக் கூப்பிட்டார். ஐவர் மாண்டகு, வயது 22, கேம்பிரிட்ஜில் படித்து முடித்தவர். அதே 1926இல் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் முதல் தலைவரானதும் இவர்தான். அது வேறு கதை. மாண்டகுவுக்குப் படம் பிடித்துவிட்டது. அதைப் பிரித்து மேயத் தேவையில்லை, பிரச்சினை எழுத்து அட்டைகளில்தான் என்று நினைத்தார். நூற்றுக்கணக்கில் இருந்த அட்டைகள் சுமார் 80 ஆகக் குறைந்தன. மிச்சமிருந்த அட்டைகளை, லண்டன் சுரங்க ரயில் போஸ்டர்களுக்குப் பேர்போன மெக்நைட் காஃபர் புதிதாக டிசைன் செய்தார். சில ஷாட்களைத் திரும்ப எடுத்தார்கள்.

இதனால் என்ன ஆகிவிடும்? படத்தின் ஓபனிங்கைப் பாருங்க, புரியும். எடுத்ததும் ஒரு பெண்ணின் அலறும் முகம், க்ளோசப்பில். பொன்னிற முடிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம். கொலைகாரனைக் காட்டவே இல்லை. அடுத்து பிணம், கூட்டம், பார்த்த சாட்சி, போலீஸ், போனில் செய்தி சொல்லும் நிருபர், அச்சு இயந்திரம், பேப்பர் வண்டி, ரேடியோ கேட்கும் முகங்கள். ஒரு கொலைச் செய்தி ஊர் முழுக்கப் பரவுவதைப் படமாகவே சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு அட்டை வரும்போதும் ரசிகர் நின்று படித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்குள் பதற்றம் ஆறிப்போகும். முகம் சொன்னதையே எழுத்தும் சொன்னால் இன்னும் மோசம். முதல் சஸ்பென்ஸ் ஷார்ட் ஃபிலிம் எடுக்கும் மாணவர்கள் இன்றும் வாய்ஸ் ஓவரைக் கொட்டிச் சறுக்குவது இதே இடத்தில்தான்.

1926 செப்டம்பரில் திரையிட்டபோது பத்திரிகைகள் கொண்டாடின. டிசம்பர் 2இல் லண்டனில் கல்யாணம். 1927இல் படம் மக்களிடம் போய் ஹிட். அலமாரியில் தூங்கிய முந்தைய இரண்டு படங்களும் வெளியே வந்தன.

1928இல் மகள் பாட்ரிசியா பிறந்தார். 1939இல் குடும்பம் அமெரிக்கா போனது. ‘சஸ்பிஷன்’ (1941), ‘ஷேடோ ஆஃப் எ டவுட்’ (1943), ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ (1950) படங்களின் திரைக்கதையில் ஆல்மாவின் பெயர் உண்டு. அதன் பிறகு ஹிட்ச்காக்கின் படங்களில் அவர் பெயர் வரவில்லை. வேலை மட்டும் நிற்கவில்லை: கதைத் தேர்வு, ஸ்கிரிப்ட், ஃபைனல் கட் என எல்லாம் அவர் பார்வைக்குப் போனது. வீட்டுப் பேச்சாகவே நடந்ததால் அதற்குக் கணக்கில்லை. தானே ஒதுங்கிக்கொண்டார் என்பவர்கள் உண்டு. பெயர் போடுவதில் என்ன கஷ்டம் இருந்திருக்கும் என்ற கேள்வியும் நியாயம்தான்.

1979இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வாழ்நாள் சாதனை விருது கொடுத்தபோது, ஹிட்ச்காக் மேடையில் நான்கு பேருக்கு நன்றி சொன்னார்: ஒரு எடிட்டர், ஒரு கதாசிரியர், தன் மகளின் அம்மா, ஒரு அருமையான சமையல்காரர். நான்கு பேரும் ஆல்மாதான். 1980 ஏப்ரலில் ஹிட்ச்காக் இறந்தார். 1982 ஜூலை 6இல் ஆல்மா.

‘தி லாட்ஜ’ரை 2012இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் சீரமைத்து, நிதின் சாஹ்னியின் புது இசையோடு வெளியிட்டது. பார்க்கக் கிடைத்தால் ஓபனிங்கை ஸ்கிப் பண்ணாதீங்க. உதவி இயக்குநர் என்ற இடத்தில் ஆல்மாவின் பெயர் இருக்கும்.