ஒரே மக்களவையில் 3 பிரதமர்கள்... நீலகிரிக்கு 'சிலோன்காரர்கள்' வரக் காரணமான சாஸ்திரியின் கதை

நீலகிரி மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி பக்கம் போனால் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வரிசையாக லைன் வீடுகளைப் பார்க்கலாம். அங்கிருக்கும் வயதானவர்களிடம் பிறந்த ஊர் எது என்று கேட்டால், பலர் சொல்லும் பெயர்கள் ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டி. எல்லாமே இலங்கையில் இருக்கும் ஊர்கள். அரசு இவர்களை 'தாயகம் திரும்பியோர்' என்கிறது. ஊர்க்காரர்களுக்கோ சிலோன்காரர்கள்.

இவர்கள் இங்கே வந்ததற்குக் காரணம் 1964 அக்டோபர் 30-ல் டெல்லியில் போடப்பட்ட ஒரு கையெழுத்து. போட்டவர் லால் பகதூர் சாஸ்திரி. அப்போது அவர் பிரதமராகி ஐந்து மாதம்கூட முடியவில்லை.

யார் இந்த சாஸ்திரி?

1904 அக்டோபர் 2-ல், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் முகல்சராயில் பிறந்தவர். ஒன்றரை வயதிலேயே அப்பாவை இழந்தார். பிறகு வளர்ந்தது அம்மாவின் பிறந்த வீட்டில். சாதியைக் காட்டும் ஸ்ரீவஸ்தவா என்ற பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டார். சாஸ்திரி என்பது குடும்பப் பெயர்னு நிறைய பேர் நினைக்கிறார்கள். அது காசி வித்யாபீடத்தில் படித்து வாங்கிய பட்டம். சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறைக்குப் போனார். நேருவின் அமைச்சரவையில் 1952-ல் ரயில்வே அமைச்சர் ஆனார்.

தமிழ்நாட்டுக்கு அவர் பெயர் நன்றாகத் தெரியவந்தது ஒரு துயரத்தால். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம் வந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மெஹபூப்நகர் விபத்துக்காக அவர் கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு ரயில் விபத்தின்போதும் டிவி விவாதங்களில் இன்றுவரை சாஸ்திரி பெயர் வருவது இதனால்தான்.

மூன்றாவது மக்களவையில் என்ன நடந்தது?

1962 பிப்ரவரியில் பொதுத்தேர்தல். நீலகிரி தொகுதியில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்தவர் அக்கம்மா தேவி, படுகர் சமூகத்தின் முதல் பட்டதாரிப் பெண். அலகாபாத்தில் ஜெயித்தவர் சாஸ்திரி. அன்று ஓட்டுப் போட்டவர்கள் மனதில் பிரதமர் என்றால் நேரு மட்டும்தான். அந்த மக்களவை 1967 மார்ச் வரை நீடித்தது. அதற்குள் நாட்டின் தலையெழுத்தே மாறிவிட்டது.

சீனப் போர், 1962 அக்டோபர். அப்போது சாஸ்திரி உள்துறை அமைச்சர். 1963 ஆகஸ்டில் காமராஜர் திட்டப்படி மூத்த தலைவர்கள் பதவி விலகியபோது அவரும் விலகினார். 1964 ஜனவரியில் நேருவுக்கு உடல்நிலை மோசமாக, இலாகா இல்லாத அமைச்சராகத் திரும்ப அழைக்கப்பட்டார். மே 27-ல் நேரு மறைந்தார். குல்சாரிலால் நந்தா தற்காலிகப் பிரதமர். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர், போட்டியில்லாமல் எல்லோரையும் சாஸ்திரி பக்கம் கொண்டுவந்தார். ஜூன் 9-ல் பதவியேற்பு.

தேர்தல் இல்லாமல் பிரதமரை மாற்றலாமா? நம் அரசமைப்புப்படி தாராளமாக முடியும். மக்கள் தேர்ந்தெடுப்பது எம்.பி.க்களை. மக்களவையில் பெரும்பான்மை இருக்கும்வரை அவர்தான் பிரதமர். சாஸ்திரி இருந்த 19 மாதங்களில் அவருடைய அரசு மேல் மூன்று முறை நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. மூன்றும் தோற்றன. ஆனால் பிரதமராக இருந்து அவர் ஒரு பொதுத்தேர்தலைக்கூடச் சந்திக்கவில்லை.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது?

பிரிட்டிஷ் காலத்தில் திருநெல்வேலி, ராமநாதபுரம், திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களின் வாரிசுகள்தான் மலையகத் தமிழர்கள். சுதந்திர இலங்கை 1948-ல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டே ஓட்டுரிமையும் போனது. அங்கேயே பிறந்து வாழ்பவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பது நேருவின் நிலை. கடைசிவரை அவர் இறங்கி வரவில்லை.

சாஸ்திரி இறங்கி வந்தார். சீனப் போரில் அடிபட்ட இந்தியாவுக்கு அக்கம்பக்கத்தில் நண்பர்கள் தேவைப்பட்ட நேரம் அது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுடன் பேசி முடித்த கணக்கு இதுதான்: நாடற்றவர்கள் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். எல்லாம் 15 ஆண்டுகளில் முடிய வேண்டும். அந்த மிச்சத்தை 1974-ல் இந்திராவும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

கடையில் சரக்கு பிரிப்பது மாதிரி இருக்கிறதா? அன்றைக்கே அந்த விமர்சனம் வந்தது. மலையகத் தலைவர் தொண்டமான் எதிர்த்தார். சம்பந்தப்பட்ட தொழிலாளர்களிடம் யாரும் கேட்கவில்லை. இலங்கையில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. இந்தியாவில் எந்த வாக்காளர் பட்டியலிலும் பெயர் இல்லை. இங்கே ஓட்டு இருந்தவர்களிடமும் 1962 தேர்தலில் யாரும் இதைச் சொல்லி ஓட்டு கேட்டதில்லை. சாஸ்திரியின் நேர்மையைக் கொண்டாடும் கட்டுரைகள் பலவும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

பின்னர் விண்ணப்பம் கேட்டபோது கணக்கும் இடித்தது. இந்தியா வரச் சம்மதித்து மனு கொடுத்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர்தான். ஒதுக்கிய எண்ணிக்கையைவிட அதிகமானவர்கள் இலங்கையிலேயே இருக்கத்தான் ஆசைப்பட்டார்கள்.

அதன்பிறகு சாஸ்திரி?

நிதானமாக உட்கார அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு கொந்தளித்தது. மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பிப்ரவரி 11-ல் ராஜினாமா செய்ய, அன்றைக்கே வானொலியில் பேசி ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்தார் சாஸ்திரி. இன்னொரு பக்கம் உணவுப் பஞ்சம். வாரத்தில் ஒருவேளை சாப்பாட்டை விடச் சொன்னார். இந்திய உணவுக் கழகம் அந்த ஜனவரியில் தஞ்சாவூரில்தான் தொடங்கியது. செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர். படைவீரரையும் உழவரையும் சேர்த்து வாழ்த்திய அவருடைய முழக்கம் பிறந்தது இந்த நெருக்கடியில்.

1966 ஜனவரி 10-ல் தாஷ்கண்டில் பாகிஸ்தானுடன் உடன்படிக்கை. அன்று இரவே, 11-ம் தேதி அதிகாலையில் மாரடைப்பால் இறந்தார். மறுபடியும் நந்தா, பிறகு இந்திரா காந்தி. மக்களவை மட்டும் அதே மக்களவை. 1967 தேர்தலில் நீலகிரி காங்கிரஸை விட்டு சுதந்திரா கட்சியின் நஞ்சா கவுடரைத் தேர்ந்தெடுத்தது.

கையெழுத்து மலைக்கு வந்தது எப்படி?

சாஸ்திரி போட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததே அவர் இறந்த பிறகுதான். அதற்கான சட்டத்தை இலங்கை 1967-ல் நிறைவேற்றியது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு ரயில். கொழுந்து பறிக்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் எங்கே வேலை? நீலகிரியில் காட்டை வெட்டித் தேயிலை போட 1968-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம், பின்னர் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்டீ நிறுவனம் ஆனது. எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களும் இலங்கையில் விட்டுவந்த அதே மாதிரி லைன் வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். 1984-ல் போரால் கப்பல் நின்றபோது, இந்தியக் குடியுரிமை வாங்கியும் வர முடியாமல் அங்கேயே சிக்கியவர்கள் பலர். அவர்களை நாடற்ற நிலையிலிருந்து மீட்க இலங்கை 2003-ல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

நீலகிரிக்கு வந்தவர்களுக்கு ஓட்டு உண்டு, ரேஷன் கார்டு உண்டு. ஆனால் லைன் வீடு வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். டான்டீ நஷ்டத்தில் போக, அதன் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022-ல் அரசு உத்தரவிட்டது. அந்த மரங்களை வெட்டித் தேயிலை நட்ட கைகளில் பல, இப்போது பட்டாவுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கின்றன.