மூன்று தீபாவளி ஓடிய பாட்டுப் படம்: இரண்டு தீபாவளி ஜெயிலில் இருந்த பாகவதர்

படாளம் வழியாகப் போகும் சென்னை - திருச்சி ரயில் பாதையின் இரண்டு முனையிலும் ஒரு காலத்தில் கொடி கட்டிப் பறந்தவர் எம்.கே.தியாகராஜ பாகவதர். திருச்சியில் வளர்ந்தார். சென்னையில் புகழின் உச்சிக்குப் போனார். கொலை வழக்கிலும் சிக்கினார். அவர் ஜெயிலுக்குப் போன பிறகும் அவருடைய பாட்டு மட்டும் வெளியே ஓடிக்கொண்டே இருந்தது. அதன் விவரம் வருமாறு:-

பாகவதர் 1910-ம் ஆண்டு மாயவரத்தில், பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தார். பின்னர் குடும்பம் திருச்சிக்குக் குடிவந்தது. பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. பாட்டு என்றால் உயிர். ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எப்.ஜி.நடேச அய்யர் அந்தக் குரலைக் கேட்டார். அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். அன்று ஏறிய மேடைதான்.

சக்கைப்போடு

1934-ல் டைரக்டர் கே.சுப்பிரமணியம் எடுத்த "பவளக்கொடி" மூலம் சினிமாவுக்கு வந்தார். 1937-ல் "சிந்தாமணி", "அம்பிகாபதி" இரண்டும் சக்கைப்போடு போட்டன. சிந்தாமணி லாபத்தில் மதுரையில் அதே பெயரில் ஒரு தியேட்டரே கட்டிவிட்டார்கள். வாலிபர்கள் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

இப்போது புதுப் பாட்டு செல்போனில் வந்து விழுகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் கூடவே ஓடுகிறது. அன்று அதெல்லாம் ஏது? நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடப் பாட்டு. கிராமபோன் பெட்டி வாங்க வசதி உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் தியேட்டரில் பாட்டுப் புத்தகம் வாங்கினார்கள். பாட்டுக்காகவே திரும்பத் திரும்ப டிக்கெட் எடுத்தார்கள். எந்தப் பாட்டு ஜெயித்தது என்று சொல்ல டிக்கெட் கவுண்டர்தான் தராசு.

அந்தத் தராசில் எல்லாவற்றையும் மிஞ்சியது "ஹரிதாஸ்". 1944 தீபாவளிக்கு வந்தது. பாபநாசம் சிவன் பாட்டு, ஜி.ராமநாதன் வாத்திய இசை. சாருகேசி ராகத்தில் பாகவதர் பாடிய பாட்டு பட்டிதொட்டி எல்லாம் பரவியது. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளி கண்டது.

கத்திக்குத்து

ஆனால் படம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நடிகர், நடிகைகளின் சொந்த வாழ்க்கையைக் கிழித்து எழுதி வந்த "இந்து நேசன்" ஆசிரியர் லட்சுமிகாந்தன், நவம்பர் 8-ந் தேதி சென்னையில் ரிக்ஷாவில் போகும்போது கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

டிசம்பரில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் ஜூரிகளின் பெரும்பான்மை முடிவுப்படி இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஐகோர்ட்டில் அப்பீலும் தள்ளுபடி.

ஆக, மூன்று தீபாவளியில் இரண்டு தீபாவளிக்குப் பிராட்வேயில் ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பாடியவரோ கம்பிக்குள் இருந்தார். அவரை வைத்து எடுக்க இருந்த "உதயணன்" படத்தில் ஜி.என்.பாலசுப்பிரமணியம் நடித்தார்.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அப்பீலை மறுபடி விசாரிக்க உத்தரவு வந்தது. 1947 ஏப்ரலில் ஐகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது.

திரும்பாத வசூல்

என்.எஸ்.கிருஷ்ணன் வெளியே வந்து பழைய இடத்தைப் பிடித்தார். பாகவதரால் முடியவில்லை. 1948-ல் சொந்தமாக எடுத்த "ராஜமுக்தி" காலை வாரியது. 1952-ல் "அமரகவி", "சியாமளா" வந்தன. அதே ஆண்டுதான் "பராசக்தி"யும் வந்தது. பாட்டுக்காகக் கொட்டகைக்கு வந்த கூட்டம் வசனத்துக்காக வர ஆரம்பித்திருந்தது. 1957-ல் வந்த "புது வாழ்வு" படமும் கைகொடுக்கவில்லை. கோர்ட்டு கொடுத்த விடுதலையை டிக்கெட் கவுண்டர் கொடுக்கவில்லை.

நோயால் நலிந்த பாகவதர் 1959 நவம்பர் 1-ந் தேதி சென்னை பொது ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 49. உடல் திருச்சிக்குக் கொண்டு போய் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் கடைசியாக நடித்த "சிவகாமி" 1960-ல்தான் வெளிவந்தது. ஜெயிலில் இருந்தபோது வெளியே ஓடிய குரல், செத்த பிறகும் ஒரு தடவை தியேட்டருக்கு வந்துவிட்டுப் போனது.