சிலாங்கூரின் தலைசிறந்த கோல் காவலர் யார்? 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தின் கதை

சிலாங்கூர் அணியின் எல்லாக் காலத்துக்குமான 11 ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முதல் பெயர் எழுத யாரும் யோசிக்க மாட்டார்கள். முன்களத்தில் மொக்தார் டஹாரி. தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங். சரி, கோல் கம்பத்துக்கு நடுவில் யாரை நிறுத்துவது? வாக்குவாதம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ 70-களில் மெர்டேக்கா அரங்கத்துக்குப் போனவராக இருந்தால், பெரும்பாலும் ஒரு பெயர்தான் வரும்: ஆறுமுகம். அவர் இறந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைய இளைஞர்களில் பலர் அவர் ஆடியதைப் பார்த்ததே இல்லை. அப்படியிருந்தும் அந்தப் பெயர் ஏன் இன்னும் முதலில் வருகிறது?

யார் இந்த ஆறுமுகம்?

ஆர். ஆறுமுகம் 1953 ஜனவரி 31-ஆம் தேதி பிறந்தார். மொக்தார் டஹாரி பிறந்ததும் அதே வருஷம்தான். 70-களின் தொடக்கத்தில் தேசிய அணிக்குள் வந்த ஆறுமுகம், 80-களின் நடுப்பகுதி வரை மலேசியாவுக்காக 100-க்கும் அதிகமான ஆட்டங்களில் களமிறங்கினார்.

உயரமான உடல், அதைவிட நீளமாகத் தெரியும் கைகள். மூலையை நோக்கிப் பறக்கும் பந்தை அந்தக் கைகள் எட்டிப் பிடித்ததைப் பார்த்துத்தான் ரசிகர்கள் அவருக்கு 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வைத்தார்கள். ரசிகர்கள் செல்லமாக வைத்த அந்தப் பெயர் கடைசி வரை ஒட்டிக்கொண்டது.

அவர் காலத்தில் சிலாங்கூர் எவ்வளவு பலமாக இருந்தது?

மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற அணி சிலாங்கூர். அதன் பொற்காலங்களில் ஒன்று ஆறுமுகத்தின் தலைமுறை ஆடிய காலம்.

1975 முதல் 1981 வரை நடந்த ஏழு இறுதியாட்டங்களில் ஆறில் சிலாங்கூரும் சிங்கப்பூரும் நேருக்கு நேர் மோதின. அந்த ஆறில் ஐந்தைச் சிலாங்கூர் வென்றது. 1980-இல் மட்டும் கிண்ணம் சிங்கப்பூருக்குப் போனது. கோலாலம்பூரில் சிங்கப்பூர் வந்து ஆடுகிறது என்றால் ஊரே அதைத்தான் பேசும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் கோல் காவலர் ஒரு பந்தைக் கோட்டை விட்டால், மறுநாள் சாப்பாட்டுக் கடையில்கூட நிம்மதியாக உட்கார முடியாது.

தேசிய அணியிலும் அதே கதைதான். 1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலம் வென்றது. 1977-இல் கோலாலம்பூரிலும் 1979-இல் ஜகார்த்தாவிலும் சீ விளையாட்டுத் தங்கம் கிடைத்தது. அந்தத் தலைமுறையின் நம்பகமான கோல் காவலர் ஆறுமுகம்.

கையில் கிடைத்தும் போகாத ஒலிம்பிக்

1980 ஏப்ரல் 6. மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் இறுதியாட்டம். மெர்டேக்கா அரங்கத்தில் எதிரணி தென்கொரியா. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்க, மலேசியா 2-1 என்று வென்றது. அந்த அணியின் கோல் காவலர்களில் முதன்மையானவர் ஆறுமுகம்.

ஆனால் அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அதில் சேர்ந்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. ஆறுமுகத்துக்கு அப்போது வயது 27. ஒரு கோல் காவலருக்கு அது நல்ல பருவம். அதன்பிறகு ஒலிம்பிக் மேடை அவருக்குக் கிடைக்கவே இல்லை.

2016-இல் சியூ கெங் குவான் இயக்கத்தில் வந்த 'ஓலா போலா' படம் இந்த வெற்றியைத் தழுவியதுதான். அதில் வரும் முத்து என்ற கோல் காவலர் பாத்திரத்துக்குத் தூண்டுதல் ஆறுமுகம். படத்தில் பெயர்கள் மாற்றப்பட்டு, கற்பனையும் கலந்திருக்கிறது. அதனால் முத்துவின் குடும்பக் கதையை அப்படியே ஆறுமுகத்தின் வாழ்க்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியென்றால் போட்டியே இல்லையா?

இருக்கிறது. அவருக்கு முந்தைய தலைமுறையில் சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் ஆடிய சௌ சீ கியோங், 1966 முதல் 1970 வரை தொடர்ந்து ஐந்து முறை ஆசியாவின் சிறந்த கோல் காவலராகத் தேர்வானவர். ஆறுமுகத்திடம் அப்படியொரு பட்டம் இல்லை. விருதை மட்டும் வைத்துப் பார்த்தால் சௌதான் முன்னால் நிற்கிறார்.

ஆனால் கேள்வி, ஆசியாவில் யார் சிறந்தவர் என்பதில்லையே. ஒரு அணியின் வரலாற்றில் யார் சிறந்தவர் என்பதுதானே? சௌ தொழில்முறை ஆட்டக்காரராக ஹாங்காங் போனார். திறமைக்கேற்ற சம்பளம் அங்கே கிடைத்தது, அதில் தப்பே இல்லை. ஆறுமுகமோ பத்து வருஷத்துக்கு மேல் இங்கேயே ஆடி, சிலாங்கூரின் ஒரு முழுத் தலைமுறை ரசிகர்களுக்கு அடையாளமாக ஆனார். அணியின் கணக்கில் இந்த நீண்ட உழைப்புக்குத்தான் எடை அதிகம்.

இன்றைய கோல் காவலர்களோடு ஒப்பிடுவது இன்னும் கஷ்டம். தன் அணிக்காரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல் காவலர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992-இல்தான் வந்தது. ஆறுமுகம் ஆடியது அதற்கு முன்னால். இப்போது போல் காலால் ஆட்டத்தைத் தொடங்கும் வேலை அவருக்கு அவ்வளவாக இல்லை. எத்தனை பந்து தடுத்தார் என்ற கணக்கையும் இன்று மாதிரி அப்போது யாரும் ஆட்டத்துக்கு ஆட்டம் எழுதி வைக்கவில்லை. மிச்சம் இருப்பது கிண்ணங்களும் பார்த்தவர்களின் நினைவும்தான்.

35 வயதில் முடிந்த வாழ்க்கை

1988 டிசம்பர் 18-ஆம் தேதி ஒரு சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35. அடுத்த வருஷம், 1989-இல், மலேசியக் காற்பந்து பகுதிநேரத் தொழில்முறைக்கு மாறியது. ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் முறையாக வரத் தொடங்கிய காலம் அது. பயிற்றுநராகவோ வழிகாட்டியாகவோ அவர் என்ன செய்திருப்பார் என்பதைப் பார்க்க இங்கே யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. மூன்று வருஷத்தில், 1991-இல், மொக்தார் டஹாரியும் நோயால் மறைந்தார்.

ஆகவே எங்கள் 11 பேர் பட்டியலில் கோல் காவலர் ஆறுமுகம்தான். உங்களுக்குச் சௌதான் என்று தோன்றினால் அதற்கும் நியாயம் உண்டு. முடிவு செய்வதற்கு முன்னால், வீட்டில் அந்த ஆட்டங்களை நேரில் பார்த்தவர் யாராவது இருந்தால் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவர் தடுத்த பந்துகளின் கணக்கு இப்போது இருப்பது அவர்களிடம்தான்.