அப்பா படித்த கல்லூரி

கிரிக்கெட் வீரர் பட்டோடி நவாப் இஃப்திகார் அலிகான், ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரியின் பழைய மாணவர். 1931-ல் பல்கலைக்கழக அணிக்காக ஒரே சீசனில் 1,307 ரன் குவித்தார். 1932-ல் இங்கிலாந்துக்காக ஆடிய முதல் டெஸ்டிலேயே சதம். 1946-ல் இந்தியாவின் கேப்டன். 1952 ஜனவரி 5 அன்று போலோ ஆடும்போதே காலமானார். அன்றுதான் மகன் மன்சூருக்குப் பதினோராவது பிறந்தநாள்.

அப்பா பேர் பெரிசா இருக்கிற இடத்துக்குப் போகப் பிள்ளைகள் தயங்குவதுண்டு. மன்சூர் அதே பேலியலில்தான் சேர்ந்தார். 1961-ல் ஆக்ஸ்போர்டு கேப்டனாக அந்த 1,307-ஐ நெருங்கியபோது கார் விபத்து. வலது கண் பார்வை போயிற்று. சாதனை அப்பாவிடமே தங்கிவிட்டது. மறு வருஷமே, 21 வயதில், மகன் இந்தியாவின் கேப்டன்!

அப்பா, அம்மா படித்த கல்லூரிக்கே வந்திருக்கும் தம்பி, தங்கைகளே, தைரியமா ஆடுங்க!