புளிப்பை அளந்த சோரன்சன்

வேதியியல் பயிலும் நம் தோழர்கள் பி.எச். 4, பி.எச். 7 என்று சீட்டு ஒட்டிய புட்டிகளை ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் காண்பர். அந்த அளவு பிறந்த இடம் ஒரு பீர் ஆலையைச் சார்ந்த கூடம் என்றால் சிலர் வியக்கக்கூடும்.

சோரன்சன் 1868-இல் டென்மார்க்கு நாட்டில் ஓர் உழவர் குடியில் பிறந்தவர். மருத்துவம் பயிலக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் புகுந்தவர், வேதியியலில் மனம் பறிகொடுத்து அத்துறைக்கே மாறிவிட்டார். 1901-இல் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தின் வேதியியற் பகுதிக்குத் தலைவரானார். ஆலை முதலாளி யாக்கப்சன் 1875-இல் நிறுவிய கூடம் அது. அங்குக் கண்ட உண்மைகளை மறைக்கலாகாது, உலகறிய வெளியிடவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. எத்தனை முதலாளிகளுக்கு இந்த மனம் வரும்!

முளைவிட்ட பார்லியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதும், அச்சர்க்கரையைச் சாராயமாக்குவதும் நொதிகளே. சூடு ஏற ஏற நொதியின் வேலை விரைவுபடும். மிகுந்தால் நொதியே கெடும். அதை அளக்க வெப்பமானி இருந்தது. புளிப்பும் நொதியை ஏற்றி இறக்கும் என்று அறிந்திருந்தனர். ஆனால் எவ்வளவு அமிலம் ஊற்றினோம் என்பதையே கணக்கில் எழுதினர். சிக்கல் அங்கேதான் இருந்தது. ஊற்றிய அமிலத்தில் ஒரு பகுதியைக் கரைசலிலுள்ள புரதம் பற்றிக்கொள்ளும். ஒரே அளவு அமிலத்தை இரு கரைசல்களில் ஊற்றினாலும் புளிப்பு ஒன்றாயிராது. நொதியை ஆட்டிவைப்பது ஊற்றிய அமிலம் அன்று, தனித்து உலவும் ஹைட்ரஜன் அயனியே என்று சோரன்சன் நாட்டினார்.

அவ்வயனியை மின்முனை கொண்டு அளந்தார். நிறம் மாறும் சாயங்களாலும் அளக்க வழி சொன்னார். சிறிது அமிலம் சேர்ந்தாலும் நிலை பெரிதும் மாறாத தாங்கற் கரைசல்களை வகுத்துத் தந்தார். கிடைத்த எண்களோ மிகச் சிறியவை. ஒரு லிட்டர் தூய நீரில் ஹைட்ரஜன் அயனி ஏறத்தாழ ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு. கோடிக்கு ஏழு சுழி, ஆகவே பி.எச். 7. ஓர் எண் இறங்கினால் அயனி பத்து மடங்கு பெருகிற்று என்று பொருள். சிறுவனும் எண்ணக்கூடிய கணக்கு!

1909-இல் இது வெளிவந்தது. சர்க்கரையை உடைக்கும் இன்வர்டேஸ் 4.5-ஐ ஒட்டி நன்கு உழைக்கும். இரைப்பையின் பெப்சினுக்கோ 2 அளவிலான கடும்புளிப்பு வேண்டும். பெர்லினில் மிகாயிலிஸும் இதே வழியில் நெருங்கிவந்தார், சோரன்சன் முந்திக்கொண்டார். 1913-இல் மிகாயிலிஸும் மென்டன் அம்மையாரும் இன்வர்டேஸின் வேகத்தைக் கணித்தபோது, புளிப்பை ஒரே நிலையில் நிறுத்திக்கொண்டே அளந்தனர்.

பிற்காலப் புரத ஆய்வுகளில் துணைவியார் மார்கிரேதே உடனுழைத்தார். 1938-இல் ஓய்வு பெற்ற சோரன்சன் மறு ஆண்டே மறைந்தார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை.