அசோகரின் எழுத்தைப் படித்த அக்கசாலை அதிகாரி

நமது தேசியக் கொடியின் நடுவில் உள்ள சக்கரமும், நாணயங்களில் உள்ள சிங்க முத்திரையும் அசோகச் சக்கரவர்த்தியிடமிருந்து வந்தவை என்பது பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் 1837-ஆம் ஆண்டுக்கு முன் நம் தேசத்தில் அசோகர் என்பது புராணங்களின் மௌரிய வம்சப் பட்டியலில் வந்துபோகும் ஒரு பெயர், அவ்வளவுதான். அவர் கல்லில் வெட்டிவைத்த சாசனங்கள் எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தன. வாசிக்கத்தான் ஒருவரும் இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் இரண்டு அசோகத் தூண்களை டில்லிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பண்டிதர்களை அழைத்துக் கேட்டபோது, அவர்களால் ஓர் எழுத்தையும் படிக்க முடியவில்லை.

அந்தப் பூட்டைத் திறந்தவர் சரித்திரப் பேராசிரியர் அல்லர். தங்கம், வெள்ளிக்கு மாற்றுப் பார்க்கும் உத்தியோகஸ்தர். பெயர் ஜேம்ஸ் பிரின்செப். நானும் ரசாயனம் படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகத்தில் காலம் கழித்தவன் என்பதால் இவர்மேல் எனக்குத் தனி அபிமானம் உண்டு.

1799-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். முதலில் கட்டடக் கலை பயின்றார். கண்பார்வை பலவீனப்பட்டதால் அதை விட்டுவிட்டு, லண்டன் அக்கசாலையில் உலோகப் பரிசோதனை கற்றுக்கொண்டார். 1819-ல், இருபது வயதில், கல்கத்தா வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே காசி அக்கசாலைக்கு மாற்றல். அங்கே பத்து வருஷம் இருந்தார்.

ஆபீஸ் வேலை முடிந்ததும் ஓய்ந்து உட்காரும் சுபாவம் அவருக்கு இல்லை. காசி நகரத்தைச் சந்து சந்தாக அளந்து வரைபடம் தயாரித்தார். மக்கள்தொகையைக் கணக்கெடுத்தார். தேங்கிய நீர் வடிந்து போகப் பூமிக்கடியில் கால்வாய் அமைத்தார். தொட்டாலே சேர்த்த புண்ணியம் போய்விடும் என்று யாத்ரீகர்கள் அஞ்சிய கர்மநாசா நதிக்குக் கல்பாலம் கட்டினார். உலையின் கடும் வெப்பத்தை அளக்க, தங்கம், வெள்ளி, பிளாட்டினம் கலந்த கலவைகளைப் பயன்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்காக 1828-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் அங்கத்தினராக்கியது. ஒரு கிரெயினில் மூவாயிரத்தில் ஒரு பங்கு எடை வித்தியாசத்தைக் காட்டும் தராசு ஒன்றையும் உருவாக்கினார். கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். ரசாயனக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டித் தராசோடு போராடியவர்களுக்கு அதன் அருமை புரியும்.

காசி அக்கசாலை மூடப்பட்டதும் கல்கத்தா திரும்பினார். 1832-ல் அங்கே மாற்றுப் பார்க்கும் தலைமை அதிகாரி ஆனார். ஊருக்கு ஊர் வேறுபட்ட நாணயங்களுக்குப் பதிலாக, 180 கிரெயின் எடையில் ஒரே வெள்ளி ரூபாய் 1835-ல் வந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. நம் பாட்டிமார் நகைக் கடையில் பேசிய தோலா கணக்கும் இதே எடைதான்.

கூடவே ஆசியச் சங்கத்தின் காரியதரிசி பொறுப்பும் அவரிடம் வந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்து ராணுவ, சிவில் அதிகாரிகள் கல்வெட்டுப் படிகளையும் பழைய நாணயங்களையும் அவருக்கு அனுப்பினார்கள். அலகாபாத், டில்லி, பீஹார் தூண்களின் படிகளை ஒப்பிட்டபோது, எல்லாவற்றிலும் ஒரே வாசகம் இருப்பதைக் கண்டார். எழுத்துகளையும் அவற்றோடு சேரும் உயிர்க்குறிகளையும் பிரித்து அட்டவணை போட்டார். ஆனாலும் எந்த எழுத்துக்கு என்ன ஒலி என்பது பிடிபடவில்லை.

1837-ல் சாஞ்சி ஸ்தூபத்தின் கல்வேலியிலிருந்து வந்த படிகள் வழி காட்டின. அவை ஒரு வரி, இரண்டு வரி உள்ள சின்னச் சின்ன வாசகங்கள். அநேகமாக எல்லாமே ஒரே இரண்டு எழுத்துகளிலும் ஒரு புள்ளியிலும் முடிந்தன. நம் கோவில்களில் படிக்கட்டு, மணி, டியூப் லைட் எல்லாவற்றிலும் இன்னார் உபயம் என்று எழுதியிருக்குமே, அதேபோல இவை தானம் கொடுத்தவர்களின் பெயர்களாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அப்படியானால் கடைசிச் சொல் தானம். அதற்கு முன்னால் அடிக்கடி வந்த எழுத்து, இன்னாருடைய என்ற பொருள் தரும் ஸ என்ற வேற்றுமை உருபு. இப்படி ஒவ்வோர் எழுத்தாகக் கைக்கு வர, சில வாரங்களில் பிராமி லிபி முழுவதும் வசப்பட்டது.

டில்லித் தூணில் தேவானாம்பிய பியதஸி என்ற அரசர் பேசினார். மொழி ஸம்ஸ்கிருதம் அல்ல, பிராகிருதம். அவரை இலங்கை மன்னர் என்றே பிரின்செப் முதலில் கருதினார். இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் டர்னர், பியதஸி என்பது அசோகரின் மறுபெயர் என்பதைப் பாலி நூலிலிருந்து எடுத்துக் காட்டினார். பிரின்செப் உடனே அதை ஏற்று வெளியிட்டார். 1838-ல் கிர்நார் பாறைச் சாசனத்தில் அந்தியோக்கஸ் என்ற கிரேக்க அரசரின் பெயரைக் கண்டார். அதனால் அசோகரின் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு என்று உறுதியாயிற்று. அதே சாசனத்தில் சோழரும் பாண்டியரும் பேசப்படுகிறார்கள் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

இதெல்லாம் வெள்ளைக்காரர் தந்த பிச்சையா என்று சிலர் வருந்துவதுண்டு. நம்மவருக்குத் தெரியாததா என்று சிலர் கோபப்படுவதும் உண்டு. இரண்டும் சரியல்ல என்பது என் அபிப்பிராயம். கமலாகாந்த வித்யாலங்கார் என்ற பண்டிதர் பக்கத்தில் அமர்ந்து உதவியிராவிட்டால், பிரின்செப் அதிக தூரம் போயிருக்க முடியாது. அதே சமயம், வேதத்தை ஸ்வரம் பிசகாமல் காப்பாற்றிய நம் முன்னோர் லிபியைத் தவற விட்டார்கள் என்பதும் உண்மை. யாரும் அதை அழிக்கவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை எழுத்து சிறிது சிறிதாக உருமாறியது. பழைய வடிவத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இடைவிடாத உழைப்பு அவர் உடம்பைத் தின்றுவிட்டது. 1838 இறுதியில் கடும் தலைவலியோடு கப்பலேறியவர் தேறவே இல்லை. 1840 ஏப்ரல் 22 அன்று லண்டனில் காலமானார். வயது நாற்பதுதான். கல்கத்தா நண்பர்கள் ஹூக்ளிக் கரையில் அவர் பெயரால் எழுப்பிய மண்டபமே பிரின்செப் காட்.

அவர் கொடுத்த சாவியால் பிறகு பல கதவுகள் திறந்தன. தமிழகக் குகைகளில் உள்ள பிராமி எழுத்துகள் தமிழே என்று 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துரைத்தார். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த ஐராவதம் மகாதேவன் அந்தப் பணியை விரிவாக்கி 2003-ல் பெரும் நூலாகத் தந்தார்.

நம் அங்கத்தினர் பலர் வீட்டுப் பரணில் கிரந்த ஓலைச்சுவடிகள் துணியில் கட்டிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் நம் பேரக்குழந்தைகளில் பலர் தமிழ் பேசுகிறார்கள், எழுத்து தெரியாது. தாத்தா பாட்டிக்கு எழுதிய கடிதம் அவர்களுக்கு வெறும் கோடுகள். பிராமியை மறக்க ஆயிரம் வருஷம் ஆயிற்று. நமக்கு இரண்டு தலைமுறை போதும் போலிருக்கிறது. கோடை விடுமுறையில் தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால், நம் எழுத்தை ஒரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் ஏது?