வீதி வன்முறையும் சட்டத்தின் எல்லையும்: வழக்கறிஞர் ஹான்ஸ் லிட்டனின் வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மனியின் வைமர் குடியரசுக் காலத்தில் நாஜிக் கட்சியின் புயற்படை நிகழ்த்திய வீதி வன்முறையை நீதிமன்றத்தின் வழியே எதிர்கொண்டவர் ஹான்ஸ் லிட்டன் (1903-1938). அடித்தவரைத் தண்டிப்பதோடு நில்லாமல், அடிக்கச் சொன்னவரையும் சாட்சிக் கூண்டுக்கு அழைத்துவர முயன்றதே அவரது பணியின் தனித்தன்மையாகும். அம்முயற்சி எந்த அளவு வென்றது, எவ்விடத்தில் தடைப்பட்டது, அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்பவற்றை அவரது வாழ்க்கை நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

வீதியில் வன்முறை நிகழ்த்தும் அரசியல் இயக்கங்களுக்கு இருவகை முகங்கள் உண்டு. ஒன்று இரவில் தடியும் துப்பாக்கியும் ஏந்தி வருவது. மற்றொன்று பகலில் சட்டத்தை மதிப்பதாக உறுதிமொழி தருவது. இரண்டும் ஒரே உடலுக்கு உரியவை என்பதை ஊரார் அறிவர். ஆயினும் நீதிமன்றத்தில் அதனை மெய்ப்பிப்பது எளிதன்று. கைக்கும் வாய்க்கும் இடையே பேணப்படும் இத்தொலைவே அத்தகைய இயக்கங்களுக்குப் பாதுகாப்பாக அமைகிறது. அத்தொலைவைக் குறைக்கும் முயற்சியாகவே லிட்டனின் வாழ்வைக் காணவேண்டியுள்ளது.

பிறப்பும் கல்வியும்

லிட்டன் 1903ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஹாலே நகரில் பிறந்தார். தந்தை ஃபிரிட்ஸ் லிட்டன் யூதக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவத்திற்கு மாறியவர். கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக விளங்கியவர். முடியாட்சிப் பற்றும் தேசியப் பற்றும் மிக்கவர். தாய் இர்ம்கார்ட் லூத்தரன் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை விட்டு நீங்கிய யூத மரபினை மகன் இளமையிலேயே தேடிச் சென்றார். எபிரேய மொழி பயின்றார். யூத இளைஞர் இயக்கத்தில் ஈடுபட்டார். அங்கு மாக்ஸ் ஃபுர்ஸ்ட் என்பவருடன் ஏற்பட்ட நட்பு இறுதிவரை நீடித்தது.

கலை வரலாற்றில் நாட்டங்கொண்டிருந்த லிட்டன், தந்தையின் விருப்பத்திற்கிணங்கவே சட்டம் பயின்றார். தேர்வுகளில் சிறந்த தகுதி பெற்ற அவருக்கு அரசு நீதித்துறையில் பணி வாய்ப்பு வந்தது. அதனை ஏற்காமல், 1928ஆம் ஆண்டு லுட்விக் பார்பாஷ் என்னும் வழக்கறிஞருடன் சேர்ந்து பெர்லினில் அலுவலகம் தொடங்கினார். ஏழைத் தொழிலாளரே அவரிடம் பெரும்பாலும் வழக்குகளைக் கொண்டுவந்தனர். பொதுவுடைமையாளர் பலருக்காக வாதாடியபோதிலும் அவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராகவில்லை. மாலை நேரங்களில் இடைக்கால ஜெர்மானியக் கவிதைகளில் தோய்ந்திருந்த இம்மனிதரைக் கட்சி ஒழுங்குக்குள் அடக்குவது யாருக்கும் இயலவில்லை.

அவரது சார்பின்மையை 1929ஆம் ஆண்டின் மே நாள் நிகழ்வு காட்டுகிறது. பெர்லின் காவல்துறைத் தலைவர் சோர்கீபல் ஊர்வலங்களுக்கு விதித்திருந்த தடையை மீறித் தொழிலாளர் திரண்டனர். காவலர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் சில நாள்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சோர்கீபல் குடியரசைத் தாங்கிநின்ற சமூக சனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். எனினும் லிட்டன் அவர்மீது குற்ற நடவடிக்கை கோரினார். சட்டத்தை மீறும் கை எவருடையதாயினும் கேள்விக்குட்பட வேண்டும் என்பதே அவர் நிலைப்பாடு.

பழுப்புச் சட்டையும் பெர்லின் வீதிகளும்

1928ஆம் ஆண்டுத் தேர்தலில் 12 இடங்களை மட்டுமே பெற்ற நாஜிக் கட்சி, 1930 செப்டம்பர் தேர்தலில் 107 இடங்களைப் பெற்றது. அதே மாதம் லைப்சிக் நகரில் மூன்று இராணுவ அதிகாரிகள்மீது நடந்த வழக்கில் சாட்சியாக வந்த ஹிட்லர், தம் கட்சி சட்ட வழியிலேயே ஆட்சிக்கு வரும் என ஆணையிட்டுக் கூறினார். 1923ஆம் ஆண்டு மியூனிக்கில் ஆயுதப் புரட்சிக்கு முயன்று தோற்றவர் அவர். ஆதலின் செல்வரும் நடுத்தர வகுப்பினரும் நம்பிக்கை கொள்ள இவ்வாணை தேவைப்பட்டது.

ஆனால் பெர்லினின் தொழிலாளர் குடியிருப்புகளில் நிலைமை வேறாக இருந்தது. புயற்படையினர் பழுப்புச் சட்டை அணிந்து, குறிப்பிட்ட மதுக்கடைகளைத் தங்கள் தளங்களாக்கிக்கொண்டு, தெருத்தெருவாக ஆதிக்கத்தை நிறுவ முற்பட்டனர். பொதுவுடைமைக் கட்சியினரும் திருப்பித் தாக்கினர். உயிரிழப்பு இரு தரப்பிலும் நேர்ந்தது. வேலையின்மை பெருகிய அக்காலத்தில், உணவும் தோழமையும் சீருடையும் தந்த புயற்படையில் இளைஞர் திரளாகச் சேர்ந்தனர். 1932ஆம் ஆண்டில் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ 4 இலட்சத்தை எட்டியது.

நீதித்துறையின் போக்கும் ஈண்டு நோக்கத்தக்கது. எமில் கும்பெல் என்னும் கணித அறிஞர் 1922ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, குடியரசின் முதல் நான்காண்டுகளில் வலதுசாரிகள் செய்த அரசியல் கொலைகள் 354. அவற்றுள் 326 தண்டனையின்றிப் போயின. இடதுசாரிகள் செய்தவை 22. தண்டனையின்றிப் போனவை 4 மட்டுமே. முடியாட்சிக் காலத்து நீதிபதிகளே குடியரசிலும் இருக்கைகளில் தொடர்ந்ததன் விளைவு இது. இத்தகைய நீதிமன்றத்திலேயே லிட்டன் நீதி கேட்கவேண்டியிருந்தது.

ஈடன் அரங்க வழக்கு

1930ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் இரவு, பெர்லினில் தொழிலாளர் சங்கம் ஒன்று ஈடன் என்னும் நடன அரங்கில் விழா நடத்திக்கொண்டிருந்தது. சார்லோட்டன்பர்க் பகுதியில் கொடுமைக்குப் பேர்பெற்ற புயற்படையின் 33ஆம் பிரிவினர் அங்குப் புகுந்து துப்பாக்கியால் சுட்டனர். தொழிலாளர் சிலர் காயமுற்றனர். குற்றத்தால் பாதிக்கப்பட்டவரும் அரசுத் தரப்புடன் இணைந்து வழக்கு நடத்த ஜெர்மானியச் சட்டம் இடமளித்தது. அவ்வுரிமையைக் கொண்டு, காயமுற்றோர் சார்பில் லிட்டன் வழக்கில் நுழைந்தார்.

சுட்டவர் இவரே என மெய்ப்பிப்பது அரசு வழக்கறிஞரின் வேலை. லிட்டன் அதற்கு மேலும் ஒரு படி ஏறினார். இத்தாக்குதல் குடிவெறியிலோ தனிப்பகையிலோ விளைந்ததன்று, கட்சித் தலைமை அறிந்து நடத்தும் திட்டத்தின் ஒரு பகுதி என்று அவர் வாதிட்டார். அவ்வாறாயின் லைப்சிக்கில் இடப்பட்ட ஆணை பொய்யாகும். ஆணை மெய்யாயின், இத்தாக்குதலைத் தலைவர் வெளிப்படையாகக் கண்டித்துத் தம் படையினரைக் கைவிட வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை ஹிட்லர் தெரிந்தெடுத்தாக வேண்டும். முதலாவதைத் தெரிந்தால் சட்டத்தின் பிடி. இரண்டாவதைத் தெரிந்தால் சொந்தப் படையின் சினம். கிழக்கு ஜெர்மனியின் புயற்படைத் தலைவர் வால்டர் ஷ்டென்னஸ் ஒரு மாதம் முன்னரே ஹிட்லருக்கு எதிராகக் கிளர்ந்து கட்சியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். ஆதலின் படையின் சினம் வெறும் அச்சுறுத்தலாக இருக்கவில்லை.

1931ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், பெர்லின் மோவாபிட் நீதிமன்றத்தில் ஹிட்லர் சாட்சியாக நின்றார். வினாத் தொடுத்த லிட்டனுக்கு அப்போது வயது 27. வன்முறைப் பிரிவுகளைப் பற்றிய வினாக்களுக்கு, புயற்படை தற்காப்பிற்கான அமைப்பு என்ற விடையையே ஹிட்லர் பலவாறு கூறினார். பின்னர்க் கோயபல்ஸ் எழுதிய பரப்புரை நூலொன்றை லிட்டன் எடுத்துவைத்தார். வாக்கு வழியில் ஆட்சி கிட்டாவிடில் நாடாளுமன்றத்தையே துரத்திவிடலாம் என்னும் கருத்து அதில் இருந்தது. அந்நூல் கட்சியின் அதிகாரபூர்வக் கருத்தன்று எனத் தட்டிக்கழிக்க ஹிட்லர் முயன்றார். கட்சியின் சொந்தப் பதிப்பகம் அதனை வெளியிட்டதும், கட்சிக் கூட்டங்களில் அது விற்கப்படுவதும் எவ்வாறு என லிட்டன் கேட்டபோது ஹிட்லர் நிதானமிழந்து கத்தினார். அவ்விடத்தில் நீதிபதி குறுக்கிட்டு அவ்வினாக்களை நிறுத்திவிட்டார்.

இந்நிகழ்வின் மதிப்பை இரு திசையிலும் எடைபோட வேண்டும். கைக்கும் வாய்க்கும் உள்ள தொடர்பு நாளிதழ் படிக்கும் அனைவர்க்கும் அன்று தெரியவந்தது. ஆயினும் நீதிமன்றம் அத்தொடர்பை இறுதிவரை ஆராய விரும்பவில்லை. பொய்ச்சாட்சி குறித்து எழுந்த விசாரணையும் பயனின்றி முடிந்தது. 1932 ஜூலைத் தேர்தலில் நாஜிக் கட்சி 230 இடங்களுடன் நாடாளுமன்றத்தின் மிகப்பெரிய கட்சியாயிற்று. வெளிப்பட்ட உண்மை தானே செயற்படுவதில்லை. அதனைச் செயற்படுத்த மனமுடைய நீதிபதியும் அரசும் மக்களும் தேவை என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

ஃபெல்சனெக் வழக்கும் கைதும்

1932 ஜனவரியில் பெர்லினின் வடபகுதியிலுள்ள ஃபெல்சனெக் என்னும் தோட்டக் குடியிருப்பைப் புயற்படையினர் இரவில் தாக்கினர். வேலையிழந்த தொழிலாளர் பலர் குடிசையமைத்து வாழ்ந்த இடம் அது. மோதலில் நாஜி ஒருவரும் பொதுவுடைமையாளர் ஒருவரும் மாண்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட குடியிருப்பாளர்க்காக லிட்டன் வாதாடினார். சளைக்காமல் சான்றுகளைத் தேடிக் குவித்தார். அவரது விடாப்பிடியைப் பொறாத நீதிமன்றம் அவரை அவ்வழக்கிலிருந்தே விலக்கியது. நாஜி நாளேடுகளோ அவர்மீது வெளிப்படையாகப் பகை வளர்த்தன.

நாட்டைவிட்டு வெளியேறுமாறு தாயும் நண்பரும் வற்புறுத்தினர். இலட்சக்கணக்கான தொழிலாளர் வெளியேற வழியின்றி இருக்கையில் தாம் மட்டும் செல்வது முறையன்று என்பது அவர் விடை. 1933 பிப்ரவரி 27ஆம் நாள் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாள் விடிவதற்குள் லிட்டன் கைதானார். வீதியில் நின்ற படை இப்போது அரசின் படையாகியிருந்தது. அதனைக் குறுக்கு விசாரணை செய்ய நீதிமன்றம் எதுவும் எஞ்சவில்லை.

ஐந்தாண்டுச் சிறை

ஸ்பாண்டௌ, சோனன்பர்க், பிராண்டன்பர்க், எஸ்டர்வேகன், லிக்டன்பர்க், புக்கன்வால்ட், டாக்காவ் என அவர் மாற்றப்பட்ட இடங்களின் வரிசையே அக்கால வதைமுகாம்களின் வரலாறாகும். அடிகளால் அவரது காலும் கண்ணும் செவியும் பற்களும் சிதைந்தன. ஃபெல்சனெக் வழக்கில் தம்மை நம்பியோர் கூறிய மறைபொருளை வெளியிடுமாறு வதைக்கப்பட்டபோது, தாங்கவியலாத நிலையில் ஒரு வாக்குமூலம் அளித்தார். பின்னர் அதனை எழுத்து வழியே திரும்பப் பெற்றுத் தம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். வழக்கறிஞர் தம்மை நாடியோர்க்குக் காக்கவேண்டிய நம்பிக்கையை அவர் உயிரினும் மேலாகக் கருதினார் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. நண்பர் மாக்ஸ் ஃபுர்ஸ்டும், லிட்டனின் செயலராகப் பணியாற்றிய அவர் மனைவி மார்கோட்டும் 1933இல் அவரைச் சிறைமீட்கத் திட்டமிட்டுப் பிடிபட்டனர்.

லிக்டன்பர்க்கில் நூற்கட்டுப் பணியும் நூலகப் பணியும் அவருக்குச் சிறிது ஆறுதல் அளித்தன. உடன் சிறைப்பட்டோர்க்கு இலக்கியம் கற்பித்தார். முகாம் விழா ஒன்றில் கவிதை சொல்லுமாறு ஏவப்பட்டபோது, எண்ணங்களைச் சிறையிட இயலாது என்னும் பொருளமைந்த பழம்பாடல் ஒன்றைக் காவலர் முன்னிலையிலேயே சொன்னதாக உடனிருந்தோர் நினைவுகூர்ந்துள்ளனர்.

வெளியே தாய் இர்ம்கார்ட் தளராது போராடினார். போர் அமைச்சர் பிளோம்பர்க் முதல் முன்னாள் பட்டத்து இளவரசர் வரை அணுகினார். 1935ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ஆலன் பிரபுவின் முயற்சியால் சட்ட அறிஞரும் அரசியலாரும் நூற்றுவர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஹிட்லருக்கு அனுப்பப்பட்டது. மறுப்பே விடையாக வந்தது. மே 8ஆம் நாளை ஹிட்லர் மறந்திருக்கவில்லை. டாக்காவில் யூதக் கைதிகளின் பிரிவில் அடைக்கப்பட்டிருந்த லிட்டன், 1938 பிப்ரவரி 5ஆம் நாள் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார். அப்போது அவருக்கு வயது 34. நாட்டைவிட்டு வெளியேறிய தாய் 1940ஆம் ஆண்டு மகனின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். லிட்டனின் சிறை வாழ்வைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றுள் பெரும்பகுதி அந்நூல் தந்ததாகும்.

முடிவுரை

போருக்குப் பின் ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தபோது லிட்டனின் நினைவும் பிளவுபட்டது. கிழக்குப் பெர்லினில் நீதிமன்றம் அமைந்துள்ள தெருவுக்கு 1951ஆம் ஆண்டு அவர் பெயர் சூட்டப்பட்டது. மேற்கிலோ அவர் நெடுங்காலம் பேசப்படவில்லை. நாடு இணைந்தபின், ஜெர்மானியக் கூட்டாட்சி வழக்கறிஞர் மன்றத்தின் தலைமையகம் அவர் பெயரைத் தாங்கி அதே தெருவில் அமைந்தது.

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, வீதி வன்முறையின் வலிமை தடியைவிட, தடிக்குப் பின்னுள்ளவர் பொறுப்பேற்காமல் தப்புவதிலேயே உள்ளது. லிட்டன் தாக்கியது அவ்விடத்தையே. இரண்டாவது, அவர் தோற்றது வினாவின் பிழையால் அன்று. வினாவை முடிக்கவிடாத இருக்கையால். சட்டம் நூலில் நிறைவாக இருந்தும், அதைக் கையாண்டவர்க்கு அதன்பால் பற்றில்லை. மூன்றாவது, இருபத்தேழு வயது வழக்கறிஞர் ஒருவரின் சில மணிநேர வினாக்களை ஏழாண்டுகள் வரை பொறுக்கவியலாத ஆட்சி, அவ்வினாக்கள் மெய்யை எட்டியதைத் தானே ஒப்புக்கொண்டதாகிறது. வழக்கில் எழுதப்படாத தீர்ப்பு, அவரது ஐந்தாண்டுச் சிறையில் எழுதப்பட்டது.